மருந்தா, மாவா

திருவனந்தபுரம்
8.9.1999

திரு. பகவதிப்பெருமாள் அவர்களுக்கு,

வணக்கம். மருந்து ஆய்வுப் பிரிவிலிருந்து நேசமணி எழுதுகிறேன். நீங்கள் மாதாமாதம் வரும்போது ரத்தம் எடுக்க உள்ளே அழைத்துப் போவதும், சில மாதங்களுக்குச் சேர்த்து மாத்திரை டப்பாக்களைத் தருவதும் நான்தான்.

ஜூலையிலும் ஆகஸ்டிலும் நீங்கள் வரவில்லை. போன சனிக்கிழமை கல்லாறுக்கு நேரில் வந்தேன். உங்கள் டீக்கடை பூட்டிக் கிடந்தது. எதிரே பெட்டிக்கடை வைத்திருக்கும் ஓமனாதான், "அவரெல்லாம் நாட்டில் போயி" என்று சொல்லி உங்கள் சொந்த ஊரான வள்ளியூர் விலாசத்தைத் தந்தார். ஏன் போனீர்கள் என்று கேட்டேன். மிட்டாய் பாட்டிலைத் துடைத்துக்கொண்டே, "எனிக்கு அறியில்லா" என்றார்.

ஜூலையில் அலுவலகத்திலிருந்து உங்களுக்கு ஒரு தபால் கார்டு வந்திருக்கும். அது ஏதும் சங்கடம் உண்டாக்கியிருந்தால் வருந்துகிறோம்.

ஜனவரியில் நீங்கள் சேர்ந்தபோது சொன்னதையே திரும்பச் சொல்கிறேன். உங்கள் ஈரலைப் பிடித்திருக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கு இந்த மாத்திரை புதிது. சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்குப் பார்வைக்கு அதே போன்ற, உள்ளே மருந்தில்லாத வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அந்த விவரம் அவரவர் நம்பர் போட்டு ஒட்டிய கவருக்குள் இருக்கிறது, அவசரம் என்றால்தான் பிரிப்பார்கள். ஒரு வேளை உங்களுக்குக் கிடைத்தது மருந்தாக இருந்தால், அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. அடங்கிக் கிடக்கும் கிருமி ஒரேயடியாகக் கிளம்பிவிடும்.

தயவுசெய்து வாருங்கள். பஸ் செலவை நாங்கள் தருவோம்.

இப்படிக்கு
நேசமணி


வள்ளியூர்
19.9.99

ஆய்வுப் பிரிவு அம்மாவுக்கு,

கடிதம் வந்தது. இந்தத் தடவை கவரில் போட்டு ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள். சந்தோஷம்.

கார்டு சங்கடம் உண்டாக்கியிருந்தால் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்டாக்கியதைச் சொல்கிறேன், ஃபைலில் சேர்த்து வையுங்கள்.

அன்று நான் சாமான் வாங்க விதுரா போயிருந்தேன். தபால்காரர் கார்டை ஓமனாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எங்கள் ஊரில் யாருக்கு என்னவோ என்று பயந்து, ரோட்டில் தார் போட வந்திருந்த தென்காசிக்காரன் ஒருவனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். அவன் ரோட்டில் நின்றபடியே சத்தமாக வாசித்தான். "உங்கள் ரத்தத்தில் உள்ள கிருமியின் அளவைப் பார்க்க வேண்டியிருப்பதால்." ரத்தத்தில் கிருமி என்றால் ஊருக்கு ஒரே ஒரு நோய்தான் தெரியும். நான் விதுராவிலிருந்து திரும்பி வருவதற்குள் எனக்கு எயிட்ஸ் என்ற பேச்சு பொன்முடிக்கே ஏறிவிட்டது.

பதினாறு வருடம் அந்த ஆற்றங்கரையில் டீ ஆற்றியிருக்கிறேன். பொன்முடிக்கு ஜீப் ஓட்டும் ரெஜி, என் கையால் இரண்டு டீ குடிக்காமல் மலை ஏறமாட்டான். மறுநாள் காலையில் வண்டியை விட்டு இறங்காமலே, "சேட்டா, இன்னு சாயா வேண்டா. வயறு சரியில்லா" என்றான். மத்தியானம் பார்க்கிறேன், பாலத்துக்கு அந்தப் பக்கக் கடையில் நின்று குடித்துக்கொண்டிருக்கிறான். என்னைக் கண்டதும் டம்ளரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அவன் குடித்ததைப் பொறுத்துக்கொண்டேன். மறைத்ததுதான் தாங்கவில்லை.

என் மகள் அனுஷாவுக்கு ஆரியநாட்டில் ஒரு சம்பந்தம் பேசி, நிச்சயத்துக்கு நாலு நாள் இருந்தது. அந்த அலைச்சலில்தான் ஜூலையில் உங்களிடம் வர முடியவில்லை. ஆள் அனுப்பினார்கள். வந்த ஆள் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போனான். தண்ணீர்கூட வாங்கவில்லை.

கடையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டோம். மாத்திரை ஆற்றோடு போயிற்று. இனிமேல் எழுத வேண்டாம்.

கார்டில் இருந்ததும் இந்தக் கடிதத்தில் இருப்பதும் ஒரே கையெழுத்து. அலுவலகம் என்று எழுதினால் எனக்குத் தெரியாதா?

பகவதிப்பெருமாள்


திருவனந்தபுரம்
27.9.1999

அண்ணாச்சி,

அப்படிக் கூப்பிட எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. எங்கள் களியக்காவிளைப் பக்கத்தில் உங்கள் வயதுள்ளவர்களை வேறு எப்படியும் கூப்பிட்டுப் பழக்கமில்லை.

கார்டை எழுதியது நான்தான். நோயாளிகளுக்கு எழுதுவது எதுவும் ஒட்டிய கவரில்தான் போக வேண்டும் என்பது இங்கே விதி. அன்று வெள்ளிக்கிழமை. கவர் தீர்ந்துபோயிருந்தது. திங்கள் வரை பொறுத்திருக்கலாம். வராதவர்களின் பட்டியலை அன்றைக்கே முடித்துவிட்டு ஊருக்குப் போகலாம் என்று மேஜையில் கிடந்த கார்டை எடுத்து எழுதினேன். தமிழில் எழுதினால் கல்லாறில் உங்களைத் தவிர யாருக்கும் புரியாது என்றும் நினைத்தேன். நான் நினைத்தது அவ்வளவுதான், அண்ணாச்சி.

போன கடிதத்தைப் பட்டாபி டாக்டர் எழுதச் சொன்னார். எழுதினேன். உண்மையை எழுதத் தைரியமில்லாமல் அலுவலகத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன். இதை யாரும் எழுதச் சொல்லவில்லை. நான் செய்ததை நேற்று டாக்டரிடமும் சொல்லிவிட்டேன். அவர் உங்கள் ஃபைலை எடுத்து விரித்து வைத்தார். பிறகு, "வேலையை விட்டுடாதே. மொதல்ல அவரைக் கொண்டு வந்து சேர்" என்றார்.

உங்களுக்கு இருப்பது எயிட்ஸ் இல்லை. டம்ளர் வழியாகவும், டீ வழியாகவும், ஒரே வீட்டில் இருப்பதாலும் ஒட்டாது. நீங்கள் சரி என்றால் டாக்டரையே அழைத்துக்கொண்டு ஆரியநாட்டுக்குப் போய் அவர்களிடம் பேசுகிறேன். கல்லாறுக்கும் போகிறேன். ரெஜி முன்னால் உங்கள் டம்ளரில் நான் குடித்துக் காட்டுகிறேன்.

என்னை மன்னிக்க வேண்டாம். மாத்திரை மட்டும் சாப்பிடுங்கள். போனது போகட்டும், வேறு டப்பா தருகிறேன். வள்ளியூருக்கே கொண்டுவந்து தரச் சொன்னாலும் தருகிறேன்.

நேசமணி


வள்ளியூர்
12.11.99

நேசமணி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு ஒன்றரை மாதமாகப் பதில் எழுதவில்லை. எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

ஆரியநாட்டுக்கு யாரும் போக வேண்டாம். அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது. அனுஷா இங்கே ஒரு ஜெராக்ஸ் கடைக்கு வேலைக்குப் போகிறாள். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. என் தட்டையும் டம்ளரையும் அவள்தான் கழுவுகிறாள். வேண்டுமென்றே என் டம்ளரில் காப்பி குடிக்கிறாள்.

நான் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் டீ மாஸ்டராகச் சேர்ந்தேன். போன வாரம் நின்றுவிட்டேன். பால் கொதிக்கிற வாசனை வந்தாலே குமட்டுகிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கண்ணில் மஞ்சள் இருப்பதாக முதலாளி சொன்னார். கீழாநெல்லி அரைத்து மோரில் குடிக்கிறேன். மூன்று வாரம் ஆயிற்று. உப்பில்லாப் பத்தியம். மஞ்சள் இறங்கவில்லை. இரண்டு நாளாக வேட்டி இடுப்பில் இறுக்குகிறது. சாப்பிடுவதே இல்லை, வயிறு மட்டும் பெருக்கிறது.

எனக்காகக் கேட்கவில்லை. ஒட்டாது என்று எழுதியிருந்தீர்கள். அது நிச்சயம்தானா? அனுஷா என் டம்ளரில் குடிக்கிறாளே, அவளுக்கு ஒன்றும் வராதே? என் வீட்டுக்காரி சுடலைமாடத்திக்கு? அதை மட்டும் எழுதுங்கள்.

பகவதிப்பெருமாள்


திருவனந்தபுரம்
15.11.1999

அண்ணாச்சி,

உங்கள் கடிதம் இன்று காலையில் கிடைத்தது. டாக்டரிடம் காட்டிவிட்டு உடனே எழுதுகிறேன்.

டம்ளரால் வராது. நிச்சயம். ஆனாலும் ரத்தம் வழியாக வரக்கூடியது என்பதால் மதினிக்கும் அனுஷாவுக்கும் ரத்தம் பார்த்துவிடுவோம். இல்லை என்றால் இனி வராமலிருக்க ஊசி இருக்கிறது.

நீங்கள் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. கீழாநெல்லியோ வேறு எதுவோ குடித்துக்கொண்டு காத்திருக்கும் கட்டம் தாண்டிவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். மூன்று பேரும் புறப்படுங்கள். தம்பானூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, ரயில் நிலைய வாசலில் நான் நிற்பேன். புதன், வியாழன் இரண்டு நாளும் காலை ஒன்பது மணியிலிருந்து நிற்பேன். வெளிநோயாளிகள் வரிசையில் உங்களை நிறுத்தமாட்டேன். பெயரைச் சத்தமாகக் கூப்பிட விடமாட்டேன்.

வாருங்கள், அண்ணாச்சி.

நேசமணி


வள்ளியூர்
24.1.2000

நேசமணி தங்கச்சிக்கு,

பஸ்ஸில் கால் நீட்ட முடியாமல் கஷ்டப்பட்டு வந்து சேர்ந்தோம். எட்டு வாரம் உங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தவனுக்கு வீட்டுப் பாயில் படுப்பது சுகமாக இருக்கிறது. வயிற்றிலிருந்து நீர் எடுத்து அனுப்பினீர்கள். நாலே நாளில் பழையபடி ஊறிவிட்டது. இனிமேல் அங்கே வந்தாலும் பெரிதாக ஒன்றும் செய்வதற்கில்லை என்பதை டாக்டர் தன்மையாகத்தான் சொன்னார். அவர் மேல் குறை இல்லை. அவர் தரச் சொன்ன மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறேன்.

சுடலைமாடத்திக்கு அது எப்போதோ வந்து தானாகவே போய்விட்டது, அனுஷாவுக்கு இல்லவே இல்லை என்று நீங்கள் வந்து சொன்னீர்களே, அன்று மத்தியானம் ரசம்சோறு இறங்கியது. அனுஷாவுக்குப் போட்ட முதல் ஊசி கொஞ்சம் வலித்ததாம். பிப்ரவரி பத்தாம் தேதி அடுத்த ஊசிக்கு இரண்டு பேரும் வருவார்கள். நான் வரமுடியாது.

இப்போது நான் கேட்பதற்கு நேராகப் பதில் எழுத வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்ந்த மூன்றாம் நாள், டாக்டர் அலமாரியிலிருந்து என் நம்பர் போட்ட கவரை எடுத்துப் பிரித்ததைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். நீங்களும் உள்ளே இருந்தீர்கள். வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்க்காமல் போனீர்கள். பிறகு நானும் கேட்கவில்லை. பக்கத்தில் எப்போதும் ஆள் இருந்தது.

ஜனவரியிலிருந்து ஜூலை வரை எனக்குக் கொடுத்தது மருந்தா, மாவா?

மாவு என்றால் எல்லோருக்கும் நல்லது. ஆற்றில் போனது மாவு, நான் சாப்பிட்டாலும் விட்டாலும் ஒன்றுதான், வர வேண்டியது வந்தது என்று இருந்துவிடலாம். உங்கள் கார்டினாலும் ஒன்றும் கெட்டுவிடவில்லை என்று ஆகிவிடும்.

உங்கள் பதிலை என் கையில் மட்டும் தரச் சொல்லி இங்கே தபால்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

பகவதிப்பெருமாள்


திருவனந்தபுரம்
31.1.2000

அண்ணாச்சி,

உங்கள் கடிதத்தை மூன்று நாளாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். டாக்டரிடம் கேட்டேன். "அவருக்குத் தெரிஞ்சுக்க உரிமை இருக்கு. ஆனா நீதான் சொல்லணும்னு ஒண்ணும் இல்லே. நான் எழுதட்டுமா?" என்றார். நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மாவு என்று முதலில் ஒரு கடிதம் எழுதினேன். நன்றாகவே வந்தது. எழுதி முடித்ததும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் கிழித்தேன். அது உங்களுக்காக எழுதியதில்லை, எனக்காக எழுதியது.

உங்களுக்குக் கொடுத்தது மருந்து.

கவரைப் பிரித்தபின் டாக்டர் உங்கள் பழைய ரிப்போர்ட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தார். மார்ச்சில் ஈரல் வீக்கம் குறையத் தொடங்கியிருக்கிறது. ஜூனில் கிருமி ஏறக்குறைய இல்லை என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. மருந்து உங்களுக்குக் கேட்டிருக்கிறது. இப்போது நீங்கள் சாப்பிடுவதும் அதே மருந்துதான். ஆனால் நடுவில் விட்ட நாலு மாதத்தில் ஈரல் சுருங்கிவிட்டது. அதை எந்த மாத்திரையும் திருப்பித் தராது.

இதைப் படித்துவிட்டு நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. என்ன நினைத்தாலும் அது சரிதான்.

பத்தாம் தேதி மதினியையும் அனுஷாவையும் தம்பானூரிலிருந்து நானே கூட்டிப் போய்விடுவேன்.

நேசமணி


வள்ளியூர்
5.2.2000

நேசமணி தங்கச்சிக்கு,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

படித்தேன். முதல் நாள் முழுக்கக் கோபம்தான். உன் மேல், ரெஜி மேல், அந்தத் தார் ரோட்டுக்காரன் மேல். அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. போன மே மாதம், சீசன் நேரத்தில், இரண்டு குடம் தண்ணீரை ஆற்றிலிருந்து நானே ஏற்றிக்கொண்டு வந்தேன். சுடலைமாடத்தி, "என்னா இது, மாப்பிள மாதிரி நடக்கீரு!" என்று சிரித்தாள். அப்போதே என் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது, அது மருந்துதான் என்று.

மாத்திரை ஆற்றோடு போயிற்று என்று உனக்கு எழுதினேன். வீசியது நான் இல்லை. சம்பந்த வீட்டு ஆள் வந்து போன அன்று, சுடலைமாடத்திதான் டப்பாக்களை அள்ளிக்கொண்டு ஆற்றுக்கு இறங்கினாள். "இந்த எழவு வீட்டுக்குள்ள வந்த பொறவுதான எம்புள்ள வாழ்க்க போச்சு!" என்று ஒவ்வொன்றாக வீசினாள். நான் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தடுக்கவில்லை. எனக்கும் அப்போது அது நன்றாகத்தான் இருந்தது. பிறகு உன் இரண்டு கடிதம் வந்தும் வீம்பாக இருந்தது நான். அன்றே புறப்பட்டிருந்தால் வேறு டப்பா வாங்கியிருக்கலாம்.

இதையெல்லாம் அவளிடம் எப்படிச் சொல்வது? ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவிடம்கூடக் கேட்டிருக்கிறாள், அந்த மாத்திரை மருந்தா மாவா என்று. என்னிடம் கேட்பதில்லை. கேட்க வாய் எடுப்பாள், காலைப் பிடித்துவிட ஆரம்பித்துவிடுவாள். நேற்று நானாகவே சொன்னேன், மாவுதானாம், டாக்டர் எழுதியிருக்கிறார் என்று. நம்பினாளா என்று தெரியவில்லை. நான் அவளுக்காகச் சொல்வேன் என்பது அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக என்னைப் பார்க்கிறாள்.

பத்தாம் தேதி வரும்போது உன்னிடம் கேட்பாள். உன்னை நம்புவாள். கார்டு எழுதியது நான்தான் என்று ஆஸ்பத்திரியில் அவள் முகத்துக்கு நேராக ஒப்புக்கொண்டவள் நீ. அன்றிலிருந்து, "அந்தப் புள்ள பொய் சொல்லாது" என்பாள்.

என்னிடம் நீ உண்மை சொன்னதற்குச் சந்தோஷம். அவளிடம் சொல்லாதே. நான் போன பிறகு அவள் இருக்க வேண்டும், அனுஷாவுக்கு ஒரு இடம் பார்க்க வேண்டும்.

இதைச் செய். கார்டு கணக்கு அதோடு தீர்ந்தது என்று சொல்லமாட்டேன். அது வேறு, இது வேறு.

அண்ணன்
பகவதிப்பெருமாள்


திருவனந்தபுரம்
11.2.2000

அண்ணாச்சி,

படித்ததும் இதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள்.

நேற்று இரண்டு பேரும் வந்தார்கள். அனுஷாவுக்கு இரண்டாவது ஊசி போட்டாயிற்று. கடைசி ஊசி ஜூலையில்.

அனுஷா ஊசி அறைக்குள் போனதும் மதினி என்னை வராந்தா ஓரத்துக்கு இழுத்துப் போனார்கள். "ஏளா, ஒண்ணு கேக்கேன். நெசத்தச் சொல்லணும்" என்றார்கள்.

"கேளுங்க மைனி."

"நான் ஆத்துல வீசுனது மருந்தா, மாவா?"

"மாவுதான் மைனி."

"அவரு சொல்லச் சொன்னாரா?"

"இல்ல மைனி. கவர உடைக்கும்போது நான் அங்கதான் நின்னேன். வெறும் மாவு."

அவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு என் வலது கையைப் பிடித்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டார்கள். "எந்தலைமேல அடிச்சிச் சத்தியம் பண்ணு" என்றார்கள். எங்கள் வீட்டில் சத்தியம் பண்ணுவதே பாவம் என்பார்கள். என் அம்மா ஒரு தடவைகூடப் பண்ணியதில்லை. மதினியின் தலை கொதித்துக் கிடந்தது. வெயிலில் நடந்து வந்த சூடு.

பண்ணினேன், அண்ணாச்சி.

மதினி என் கையை விட்டார்கள். சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அழவில்லை. அனுஷா கையைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்ததும், "பசிக்கிட்டி" என்றார்கள். காண்டீனுக்குக் கூட்டிப் போனேன். மூன்று தோசை சாப்பிட்டார்கள். வீட்டில் அம்மா சரியாகச் சாப்பிடுவதுமில்லை, உறங்குவதுமில்லை என்று அனுஷா என் காதோடு சொன்னாள்.

நாலு மணி நாகர்கோவில் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பஸ் கிளம்பக் கால் மணி நேரம் ஆயிற்று. நான் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். சுற்றிலும் ஹாரன் சத்தம், கடலை விற்கிறவன் ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தான். மதினி அனுஷாவின் தோளில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்தபடி நன்றாகத் தூங்கிப்போயிருந்தார்கள். அனுஷா எனக்குக் கையைக்கூட ஆட்டவில்லை. அசைந்தால் அம்மா விழித்துவிடுவார்கள் என்று அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

நேசமணி